ரீபெல் மைதானத்துக் கொண்டை ஊசிகள்

அத்தியாயம் 7

கடுகு வழியும் சாசேஜ் ரொட்டியை டென்னி மக்ராத் வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, ஒரு கை அவன் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தது. ரொட்டி மண்ணில் விழுந்தது. டென்னி முதலில் ரொட்டியைத்தான் பார்த்தான். அது இனிமேல் பிழைக்காது என்று தெரிந்த பிறகுதான் திரும்பி ஆளைப் பார்த்தான். ரீபெல் மைதானத்தின் சொந்தக்காரி, விதவை அகஸ்டா ரீபெல் நின்றிருந்தாள்.

"பீரங்கியைக் காணோம்."

"எந்தப் பீரங்கி? டவுன் ஹால் வாசல்ல நிக்குமே, அதுவா? அதைத் தூக்கிட்டுப் போக எட்டுக் குதிரை வேணுமே."

"கூன்ட்ஸைக் காணோம்டா பாவி."

டென்னிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. எல்மர் கூன்ட்ஸ், ஊர் வைத்த பெயர் பீரங்கி, டேட்டன் பேஸ்பால் அணியில் பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பத் தெரிந்த ஒரே ஆள். இன்றைக்கு சீசனின் கடைசி ஆட்டம். மான்ஸ்ஃபீல்டிடம் தோற்றால் டேட்டன் கடைசி இடம், கடைசி இடம் வந்த அணிக்கு லீகில் இடமே கிடையாது. அணி இல்லாத மைதானம் எதற்கு என்று நகரசபை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. டிராம் தண்டவாளத்தை மைதானத்தின் நட்டநடுவே கொண்டுபோக வரைபடமும் தயார். செத்துப்போன கணவர் களிமண் குழியை மேடாக்கி, கை கொப்பளிக்க வேலியடித்துக் கட்டிய மைதானம் அது. அகஸ்டாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்ததெல்லாம் இந்த மைதானம்தான்.

"உங்க ரெண்டு பேரையும் காலையிலேருந்து எதுக்குக் காவல் போட்டேன்?" என்றாள் அகஸ்டா. "மான்ஸ்ஃபீல்டுக்காரனுங்க ஏதாவது தில்லுமுல்லு பண்ணிடக் கூடாதுன்னுதானே? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறோம்னீங்களே."

"விளக்கெண்ணெய் விட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதும்மா, அதான் கோளாறு," என்றான் டென்னி. அகஸ்டா கையை ஓங்க, அவன் தன் எஜமானியைத் தேடி ஓடினான்.

எஜமானி மிஸ் லவீனியா ஹாஃப்னர். பெரிய துணிக்கடை ஒன்றில் ரிப்பன் திருடிகளைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். டென்னி முன்னாள் ஆட்டக்காரன். மட்டையால் எதையும் அடிக்க முடியாததால் வாயால் அடிக்க ஆரம்பித்து, அந்தத் திறமைக்காகவே அவளிடம் வேலைக்குச் சேர்ந்தவன். அவள் அப்போது ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை வாசலில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையை மோந்து பார்க்காத குறையாகக் குனிந்திருந்தாள்.

"மேடம், பீரங்கி..."

"தெரியும். உள்ளே அவனோட மட்டை இருக்கு. பாதி கடிச்ச ஆப்பிள் பலகாரம் இருக்கு. பலகாரத்தைப் பாதியில விடற ஆளா அவன்?"

"முழுசா விழுங்கிட்டு தட்டையும் கடிச்சுப் பார்ப்பான்."

"அப்போ பலகாரத்தைவிடப் பெரிய ஆசை ஏதோ அவனை வெளியே இழுத்திருக்கு. இங்கே பாரு."

காலையில் பெய்த மழையில் மண் பதமாக இருந்தது. ஆணி வைத்த காலணித் தடம் அழகாக விழுந்திருந்தது. மூன்று எட்டு நடை. அப்புறம் ஒரு முட்டியின் பள்ளம். மறுபடி நாலு எட்டு. மறுபடி ஒரு முட்டி.

"நடக்கறான், மண்டி போடறான். நடக்கறான், மண்டி போடறான்," என்றாள் லவீனியா. "என்ன அர்த்தம்?"

"ஜெபம் பண்றான் மேடம். ரெண்டு வாரமா ஒரு அடி விழலையே. எனக்கே அவனைப் பார்த்தா ஜெபம் பண்ணத் தோணுது."

"இது என்ன கோடு?"

முட்டித் தடங்களுக்கு அடியில், நீளமாக, ஒற்றைச் சக்கரத்தின் தடம் ஓடியது. தள்ளுவண்டி.

"அடிச்சுப் போட்டுத் தள்ளுவண்டியில தூக்கிட்டாங்க," என்றான் டென்னி உற்சாகமாக.

"தூக்கிட்டுப் போனவன் கால் எப்படி மண்ணுல பதியும்? அதுவும் சக்கரத் தடத்து மேலேயே பதிஞ்சிருக்கு. வண்டி முன்னாடி போயிருக்கு. இவன் பின்னாடியே போயிருக்கான், தானா, சந்தோஷமா."

தடம் பக்கவாட்டுக் கதவைத் தாண்டி பேக்கரிச் சந்துக்குள் இறங்கியது. இருவரும் ஓடினார்கள். பின்னால் அகஸ்டா ரீபெல், தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, ஜெர்மானிய சாபங்களை வரிசையாக விட்டபடி ஓடிவந்தாள். அதற்குள் உள்ளே மணி அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டது.

பேக்கரி வாசலில், தேங்கிய குட்டைக்குப் பக்கத்தில், சுருட்டோடு நின்றிருந்தார் மான்ஸ்ஃபீல்டின் முதலாளி ராஸ்கோ ஃபிளின்ட். தலையில் ஒரு முடி கிடையாது. வாயில் மட்டும் வம்பு நிறைய இருந்தது.

"என்ன மேடம், பீரங்கிக்கு மருந்து நமுத்துப் போச்சாமே?"

டென்னி சட்டைக் கையை மடித்தான். "அவர்தான் மேடம். முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

லவீனியாவின் பார்வை குட்டையின் ஓரத்தில் நின்றது. சேற்றில் ஏதோ மினுங்கியது. அவள் சுட்டிக்காட்டக் கையை நீட்டுவதற்குள் டென்னி பாய்ந்து விழுந்து, அதை எடுத்து, கால்சட்டையில் துடைத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஃபிளின்டும் பாய்ந்திருந்தார். அரை விநாடி தாமதமானதால் அவர் கையில் சேறு மட்டும் வந்தது.

"அநியாயம், நான்தான் முதல்ல பாத்தேன்," என்றார் ஃபிளின்ட், வாய்ப்பாட்டில் தோற்ற பள்ளிப் பிள்ளை குரலில்.

"என்ன அது?" என்றாள் லவீனியா.

டென்னி அசடு வழிந்தான். "ஒண்ணுமில்ல மேடம். கொண்டை ஊசி."

"உன் தலையில கொண்டை இல்லையே."

"அது... வந்து... ஆட்டக்காரங்க வழக்கம் மேடம். கீழே கிடக்கிற கொண்டை ஊசியை எடுத்து வச்சுக்கிட்டா அன்னைக்கு ஓர் அடி நிச்சயம். ஓர் ஊசிக்கு ஓர் அடி. கண்ணால பாத்துட்டு விட்டுட்டா அந்த அடி பின்னால வர்றவனுக்குப் போயிடும். நான் ஆட்டத்தை விட்டு எவ்வளவோ நாளாச்சு, கை கேக்க மாட்டேங்குது."

"கடையில ஒரு டப்பா வாங்கிக்கறதுதானே?"

இரண்டு ஆண்களும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"வாங்கினது பலிக்காது," என்றார் ஃபிளின்ட்.

"யாராவது குடுத்தாலும் பலிக்காது," என்றான் டென்னி. "நாமளா பொறுக்கணும்."

லவீனியா ஊசியை வாங்கிப் பார்த்தாள். பழையது. ஒரு கால் வளைந்து, பழுப்பேறி, ஏதோ ஒரு பெண்ணின் தலையில் நெடுநாள் குடியிருந்துவிட்டு வந்தது.

"சரிதான்," என்றான் டென்னி. "வண்டியிலேருந்து ஊசி ஊசியா உதிர்த்துக்கிட்டே போயிருக்காங்க. இந்த மடையனும் கோழி தானியம் பொறுக்கற மாதிரிப் பின்னாடியே போயிருக்கான். யோசனை யாருது? இதோ நிக்கிறாரே, மொட்டைத் தலையர்."

"ஏம்ப்பா," என்றாள் லவீனியா, "இப்போ அந்தச் சேத்துல விழுந்தது யாரு? ஒரே ஓர் ஊசிக்கு?"

டென்னி ஃபிளின்டின் சேற்றுக் கையைப் பார்த்தான்.

"ஊசியோட மகிமை தெரிஞ்சவன் ஓர் ஊசியைக்கூடக் கீழே போட மாட்டான். வண்டி வண்டியாக் கொண்டுபோய்க் கொட்டினவனுக்கு அதோட மகிமையே தெரியாது. அவனுக்கு அது குப்பை. ஆக, இது பொறி இல்லை டென்னி. வெறும் குப்பை வண்டி."

தன்னை நிரபராதி என்று லவீனியா தீர்ப்பளித்ததற்காக ஃபிளின்ட் தொப்பியைத் தூக்கினார். பிறகு குட்டையில் இன்னொன்று கிடக்குமோ என்று குச்சியால் கிளற ஆரம்பித்தார்.

லவீனியா அகஸ்டாவின் பக்கம் திரும்பினாள். "பெண்கள் பகுதியைப் பெருக்கறது யாரு?"

"இக்னாட்ஸ். எதுக்கு?"

"வியாழக்கிழமை பெண்களுக்கு இலவசம். தொப்பி மறைக்குதுன்னு பின்னாடி இருக்கறவங்க கத்துவாங்க. எல்லாரும் தொப்பியைக் கழட்டுவோம். கழட்டினா தலை கலையும், ஊசி உதிரும். நானே வாரத்துக்கு நாலஞ்சு தொலைச்சிருக்கேன். அத்தனையும் எங்கே போகுது?"

அதைச் சொல்ல வேண்டியவரே சந்தின் மறுமுனையில் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மைதானக்காரர் இக்னாட்ஸ் பாவர். வண்டியின் அடிப்பலகையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

"இக்னாட்ஸ், குப்பையை எங்கே கொட்டறே?" என்று கத்தினாள் அகஸ்டா.

"இதென்ன கேள்வி, எப்பவும் கொட்டற எடத்துலதான்."

"எங்கேய்யா?"

"பழைய ரூம்ல. நேர் வழி பூரா தண்ணி நிக்குது, அதான் சுத்திப் போனேன். குப்பை கொட்டறது தப்பா?"

அகஸ்டா அப்படியே நின்று, அந்த அறையின் கதையைச் சொன்னாள். எங்கள் பிரிக்யார்ட் ஹில் பேட்டையில் இப்போது இருக்கிற பாதிப் பேருக்கு அந்த அறை இருப்பதே தெரியாது. அகஸ்டாவின் கணவர் ரீபெல் முதன்முதலில் மைதானம் கட்டியபோது அது எதிர்த்திசையைப் பார்த்துதான் இருந்தது. வாசல் அந்தப் பக்கம், மட்டையாளர் நிற்கும் இடமும் அந்தப் பக்கம். சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடித்ததில் ஒருவருக்கும் பந்து தெரியாமல், இரண்டு பேருக்கு மூக்கு உடைந்து, ஒருவர் நடுவரையே பந்தென்று நினைத்து அடித்துவிட்ட பிறகுதான் மனுஷன் தவற்றை ஒப்புக்கொண்டார். பார்வையாளர்கள் உட்காரும் மரக் கூடம் தீப்பிடித்ததைச் சாக்காக வைத்து மைதானத்தையே திருப்பிப் போட்டார். பழைய உடை மாற்றும் அறையை இடிக்க மனசில்லாமல் அதன் மேலேயே மண்ணைக் கொட்டி மூடினார். இன்றைக்கும் வலது மூலையில் ஒரு மேடு உண்டு. அங்கே பந்தைத் துரத்துகிற வெளியூர்க்காரன் மூச்சு வாங்க மலையேற வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது, ஆட்டைப்போல ஏறிவிடுவார்கள்.

"எதுக்கு மேடுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது," என்றான் டென்னி. "நான் ஆடினப்போ அதுல ஏறித்தான் என் வாழ்க்கையே சரிஞ்சது."

நால்வரும் ஓடினார்கள். வழியெல்லாம் வீட்டுக் கூரைகளில் பெஞ்சு போட்டு மைதானத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அக்கம்பக்கத்தார். ஓடுகிற அகஸ்டாவுக்குக் கூரைக்குக் கூரை நிலவரம் வந்தது.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு, அகஸ்டா!"

அடுத்த தெருவில், "அவங்களுக்கு ரெண்டு, நமக்கு ஒண்ணு. உன் பீரங்கி எங்கே தொலைஞ்சான்?"

"அதுக்குத்தானே ஓடறேன்," என்று கீழிருந்து கத்தினாள் அகஸ்டா.

புதர் மண்டிய பழைய வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை. ஆவென்று திறந்து கிடந்தது. டென்னி, எதற்கும் இருக்கட்டும் என்று, கீழே கிடந்த கட்டையைத் தூக்கிக்கொண்டு முதலில் நுழைந்தான்.

உள்ளே பலகை இடுக்குகளின் வழியே கோடு கோடாக வெயில். அந்த வெயிலில் ஒரு குப்பை மலை. வேர்க்கடலைத் தோல், கிழிந்த விசிறி, தொப்பி இறகு, பொத்தான், ரிப்பன், எல்லாவற்றுக்கும் நடுவே வருஷக்கணக்கில் பிரிக்யார்ட் ஹில் பெண்களின் தலையிலிருந்து உதிர்ந்த கொண்டை ஊசிகள். அவற்றின் நடுவே மண்டி போட்டு, ஆறடி ஆளாக, பீரங்கி கூன்ட்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தான். பாக்கெட்டுகள் புடைத்திருந்தன. தொப்பி நிறைந்து வழிந்தது. முழங்கால் வரை போட்டிருந்த காலுறைகள் யானைக்கால் கண்டதைப்போல் வீங்கியிருந்தன.

"வராதீங்க, வராதீங்க, மிதிச்சிடாதீங்க," என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

"எல்மர், யாரு உன்னைக் கட்டிப்போட்டது?" என்றாள் அகஸ்டா.

"யாரும் கட்டலைம்மா."

"பின்னே ஏண்டா வரலை?"

"எப்படிம்மா வர்றது? இன்னும் எவ்வளவு கிடக்கு பாருங்க. பாத்துட்டு விட்டுட்டுப் போனா அத்தனை அடியும் மான்ஸ்ஃபீல்டுக்காரனுக்குப் போயிடுமே. ரெண்டு வாரமா உங்க மூஞ்சியைப் பாக்க முடியல எனக்கு. உங்க மைதானம் என்னாலதான் போகுதுன்னு ராத்திரி தூக்கமில்ல. இன்னைக்குக் காலையில வாசல்ல ஒண்ணு கிடந்தது. அப்புறம் இன்னொண்ணு. கடவுளே அனுப்பறார்னு வந்தேன்."

அகஸ்டாவுக்கு அவனை அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. அதனால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். தலைக்கு மேலே யாரோ தடதடவென்று ஓட, மண் உதிர்ந்தது. ஆட்டம் அவர்கள் உச்சந்தலையில் நடந்துகொண்டிருந்தது.

"தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றாள்.

டென்னி கூன்ட்ஸின் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கூன்ட்ஸ் அசையவில்லை. டென்னிதான் கொஞ்சம் நீளமானான். ஆளாளுக்கு மாறி மாறிக் கெஞ்சியும் இழுத்தும் ஒரு மணி நேரம் போயிற்று. அதற்குள் கூரைகளிலிருந்து கூச்சல் கேட்டது. டேட்டன் இரண்டுக்கு இரண்டு சமன் செய்துவிட்டது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று தளத்திலும் நம் ஆட்கள். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் கையில் கட்டுப் போட்ட ஒரு பையன்.

லவீனியா குப்பை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிசஸ் ரீபெல், இந்த அறை யாருது?"

"என்னுது. வேற யாருது?"

"இதுல கிடக்கற குப்பை?"

"அதுவும் என்னுதுதான். ஏன், நகரசபை அதையும் கேக்குதா?"

"இதையெல்லாம் கூன்ட்ஸுக்குக் குடுத்துடுங்க. வாயால சொல்லுங்க, போதும்."

அகஸ்டா விழித்தாள். டென்னிக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் கட்டையைப் போட்டுவிட்டுக் கை தட்டினான்.

"சொல்லுங்கம்மா. குடுத்தா பலிக்காது, பொறுக்கினாத்தான். நீங்க குடுத்துட்டீங்கன்னா மிச்சம் கிடக்கறது அத்தனையும் வெறும் கம்பி."

கூன்ட்ஸின் முகம் வெளிறியது. "வேண்டாம்மா. சொல்லிடாதீங்க."

"எல்மர் கூன்ட்ஸ்," என்றாள் அகஸ்டா, பாதிரியார் முன்னால் நிற்பவளைப்போல் நிமிர்ந்து, "இந்த ரூம்ல கிடக்கற எல்லா ஊசியையும் என் மனசாரச் சந்தோஷமா உனக்கே குடுத்துட்டேன்."

கூன்ட்ஸ் ஓர் ஓலம் விட்டான். கையில் எடுத்திருந்த ஊசியைப் பார்த்தான். அது செத்துவிட்டது. கீழே போட்டான். எழுந்தான்.

சுற்றி ஓட நேரமில்லை. பழைய காலத்தில் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஏறுகிற படிக்கட்டு மூலையில் இருந்தது. அதன் தலையில் பலகை, பலகைக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் புல். டென்னியும் இக்னாட்ஸும் தோள் கொடுத்தார்கள். கூன்ட்ஸ் ஒருமுறை முட்டினான்.

வலது மூலையில் நின்றிருந்த மான்ஸ்ஃபீல்டு ஆட்டக்காரன், தன் காலடியில் புல்தரை பிளந்து ஒரு தலை வருவதைப் பார்த்தான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பிறகு வேலியை நோக்கி, அந்த சீசனில் அவன் ஓடாத வேகத்தில் ஓடினான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிளின்ட் சேற்றுக் கையோடு ஓடிவந்தார்.

"பூமிக்கடியிலேருந்து ஆள் இறக்கறாங்க. இதெல்லாம் செல்லாது."

நடுவர் யோசித்தார். "வாசல் வழியாத்தான் வரணும்னு விதியில இல்ல. மாத்து ஆளா வரட்டும். மட்டையைக் குடுங்க."

கூன்ட்ஸ் நடந்தபோது ஜல் ஜல் என்று சத்தம் வந்தது. கூட்டம் ஒருமுறை சிரித்தது, பிறகு அடங்கியது. மான்ஸ்ஃபீல்டின் பந்து வீச்சாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவரும் ஆட்டக்காரர்தான். அந்தப் பாக்கெட்டுகளிலிருந்து, தொப்பி ஓரத்திலிருந்து, காலுறையிலிருந்து துருத்திக்கொண்டிருப்பவை என்னவென்று அவருக்குத் தெரியும். ஓர் ஊசிக்கு ஓர் அடி. அந்த ஆள் உடம்பில் ஒரு சீசனுக்கான அடி தொங்குகிறது. அவர் பந்தை இரண்டு தரம் கால்சட்டையில் துடைத்துவிட்டு, மனசில்லாமல் வீசினார்.

முதல் பந்து கூன்ட்ஸின் தலைக்கு மேலே போயிற்று. இரண்டாவது தரையில் குத்தியது. மூன்றாவது நடுவரைத் தேடிப் போயிற்று. கூன்ட்ஸ் மட்டையை இறுக்கிப் பிடித்து, "ஒண்ணே ஒண்ணு ஒழுங்காப் போடுங்கண்ணே," என்று கெஞ்சினான். வீச்சாளர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். நாலாவது பந்து அவ்வளவு தள்ளிப் போனதில், அதை எட்ட கூன்ட்ஸுக்கு இன்னொரு மட்டை தேவைப்பட்டிருக்கும்.

நாலு தப்புப் பந்து. மட்டையாளர் சும்மாவே முதல் தளத்துக்கு நடக்கலாம். தளங்கள் நிறைந்திருப்பதால் ஆளுக்கு ஒரு தளம் நகர்ந்து, மூன்றாம் தளத்து ஆள் 'வீடு' என்னும் கடைசித் தளத்துக்கு வந்து சேர்வான். ஓர் ஓட்டம். வெற்றி. ஆனால் கூன்ட்ஸ் நகரவில்லை.

"இன்னொண்ணு போடச் சொல்லுங்க. நான் இன்னும் அடிக்கவே இல்லையே."

"நடடா எருமை," என்று கத்தினான் டென்னி. "நீ நடந்தாத்தான் ஓட்டம் சேரும்."

ஐயாயிரம் பேர் நட நட என்று கத்த, லவீனியாவும் சேர்ந்து கத்த, கூன்ட்ஸ் ஜல் ஜல்லென்று, மாமியார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை வேகத்தில் முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். தொப்பிகள் பறந்தன. வலது மூலைக் குழியிலிருந்து அகஸ்டா ரீபெல் இக்னாட்ஸ் கையைப் பிடித்து ஏறி, தலையெல்லாம் புல்லோடு ஓடிவந்தாள்.

கூன்ட்ஸ் முதல் தளத்தின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "இவ்வளவு பொறுக்கியும் ஓர் அடி கூட அடிக்க விடலையேம்மா. எல்லாம் வீணாப் போச்சு."

"வச்சுக்கோடா. அடுத்த வருஷம் அடி."

"இது அன்னன்னைக்குத்தாம்மா பலிக்கும்."

"அப்போ அடுத்த வருஷம் புதுசாப் பொறுக்கிக்கோ," என்றாள் அகஸ்டா எரிச்சலோடு. "மைதானம் எங்கே ஓடிப் போயிடப் போகுது, இங்கேயேதானே இருக்கும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கூரைகளைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். "இங்கேயேதான் இருக்கும்," என்று இன்னொரு தரம், மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கூன்ட்ஸைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனைவிடச் சத்தமாக அழுதாள்.